காதை எங்க வைக்கிறது?

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வயலின் கிளாஸ் முடிஞ்சு பிள்ளையள் பெட்டியளை மூடிக்கொண்டு நிக்கேக்க, ஏ.எல் படிக்கிற பெடியன் ஒருத்தன் போனைக் கொண்டுவந்து நீட்டி "ரீச்சர், இது என்ன தாளம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" எண்டான். பல்கேரியாவில ஊர்ச் சனம் ஆடுற ஆட்டத்துக்கு வாசிக்கிற இசை அது. புல்லாங்குழல் மாதிரி ஒண்டு, பெரிய மேளம் ஒண்டு, சரியான வேகம். நான் விரல்ல எண்ணிப் பாத்தன், ஏழு வந்துது. ஏழெண்டா எங்களுக்கு மிஸ்ர சாப்புத்தானே, உடன "தகிட தகதிமி" எண்டு சொல்லித் தொடையில தட்டத் தொடங்கினன். எண்ணிக்கை சரி, சுத்து வந்து முடியிற இடமும் சரி, ஆனா மேளத்தில அடி விழுற இடத்தில என்ர கை விழேல்ல. பிள்ளையள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். "நாளைக்குச் சொல்லுறன்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டன்.

நாளைக்கும் சொல்ல முடியேல்ல, அதுக்கு அடுத்த நாளும் முடியேல்ல. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில ஆசிரியர் தரம் வரைக்கும் செய்து கலாவித்தகர் எண்ட பட்டத்தோட இருவது வருசமாப் படிப்பிக்கிறன், ஒரு ஏழு எண்ணிக்கை பிடிபடேல்ல எண்டது மனசைப் போட்டு அரிச்சுது. திங்கக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சு தவில் அண்ணை உறையைப் போட்டுக்கொண்டு இருக்கேக்க போனைக் குடுத்தன். அரை நிமிசம் காதில வைச்சிருந்தார். விரல் தானா அசைஞ்சுது. "தக, திமி, தகிட. ரெண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு கடைசியில கிடக்கு பிள்ளை, நீர் அதை முதல்ல தேடுறீர்" எண்டார். அவ்வளவுதான் சொன்னவர், சைக்கிள எடுத்துக்கொண்டு போட்டார்.

அந்தத் தாளத்துக்கு றாச்செனிட்சா எண்டு பேர். பேந்துதான் வாசிச்சு அறிஞ்சன், அங்க ஆடுற சனம் ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணுறேல்லையாம், கட்டை அடி, கட்டை அடி, நீட்டு அடி எண்டு காலாலதான் பிடிக்கிறவையாம். கோபனிட்சா எண்டு பதினொண்டில ஒரு ஆட்டம் இருக்கு, ரெண்டு ரெண்டு மூண்டு ரெண்டு ரெண்டு, நடுவில ஒரு நீட்டு அடி. இணுவில் தந்த தட்சணாமூர்த்தியின்ர தவிலைக் கேட்டு வளந்த ஊர்ச் சனத்துக்கு இது ஒண்டும் பெரிய கணக்கில்லை. நான் முழிச்சதுக்குக் காரணம் கணக்குத் தெரியாததில்லை, எனக்குத் தெரிஞ்ச இடத்திலயே திருப்பித் திருப்பித் தேடினது. "நீர் முதல்ல தேடுறீர்" எண்டு அண்ணை சொன்னது ஏழுக்கு மட்டும் சொன்ன மாதிரி எனக்குப் படேல்ல. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் வேற ஊர் இசை எல்லாத்தையும் நான் அப்பிடித்தான் கேட்டுக்கொண்டு வந்தனான்.

கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொல்லோணும். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில சண்டைக் காலம், கரண்ட் இல்லை, பற்றறியும் உள்ள விடுறேல்ல. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசெற்றும் கேட்டது, அந்தக் காலத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுத்துறவரின்ர கை களைச்சா பாட்டும் களைக்கும், சுருதி இறங்கி இழுபடும், "அப்பா சுத்துங்கோ" எண்டு கத்துவம். கப்பல்ல வேலை செய்த சித்தப்பா ஒருத்தர் இருந்தவர், ஒவ்வொரு துறைமுகத்திலயும் கசெற் வாங்கிறதுதான் அவற்ற பழக்கம். ஒரு பிஸ்கட் ரின் நிறையக் கசெற். ஜமைக்காப் பாட்டு, கியூபாப் பாட்டு, கறுத்தச் சால்வை போட்ட ஒரு மனிசியின்ர படம் போட்ட போத்துக்கல் கசெற் ஒண்டு. நான் அப்ப வயலின் நாலாந்தரம் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தன். எல்லாத்தையும் ஒரே அளவுகோலாலதான் அளந்தன். சங்கதி இருக்கோ, சுரத்தை அசைச்சுப் பாடுற கமகம் இருக்கோ, ராகம் ஒழுங்கா வருதோ. இல்லை. அப்ப இது லேசான பாட்டு. சித்தப்பா மட்டும் அந்தப் போத்துக்கல் மனிசியின்ர பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். "பிள்ளை, இவை இதில பாடுறது இல்லாமல் போனதை நினைச்சு ஏங்கிற ஏக்கம், அதுக்கெண்டு அவையிட்ட தனிய ஒரு சொல்லு இருக்கு" எண்டுவார். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாச் சனமும் நாவற்குழிப் பாலம் தாண்டினதில நாங்களும் ஒரு குடும்பம். வயலினை நான் தூக்கிக்கொண்டு வந்தன். பிஸ்கட் ரின் வீட்டிலயே நிண்டிட்டுது. அடுத்த வருசம் திரும்பி வரேக்க வீட்டில யன்னலும் இல்லை, ரின்னும் இல்லை.

அந்தக் குரல் அமாலியா றொட்றிகேஸ் எண்டது இப்பத்தான் தெரியும். அந்தப் பாட்டு வகைக்கு ஃபாடோ எண்டு பேர், லிஸ்பன் நகரத்து ஒடுங்கின தெருவுகளில பிறந்தது, 2011 இல யுனெஸ்கோ அதைத் தன்ர பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது. சித்தப்பா சொன்ன சொல்லு சவுதாதே. பன்ரெண்டு கம்பி போட்ட போத்துக்கல் கிற்றார் ஒண்டு பக்கத்தில மணி உதிர்ற மாதிரி போய்க்கொண்டிருக்கும், பாடுறவ சொல்லை இழுத்து, விட்டு, தாளத்தை விட்டுக் கொஞ்சம் பிந்தி வந்து பிடிப்பா. ஃபாடோ வீடுகளில பாட்டுத் தொடங்கினா சாப்பாட்டுக் கோப்பைச் சத்தமும் கேக்கக் கூடாது, அவ்வளவு அமைதி. பதினாலு வயசில நான் இதில கமகம் தேடினன். அது குரல் எங்க உடையுது, எந்தச் சொல்லில மூச்சு நிக்குது எண்டு கேக்கவேண்டிய பாட்டு. இப்ப கேக்கேக்க எனக்கு வீட்டில விட்டிட்டு வந்த ரின்தான் ஞாபகம் வருது, சித்தப்பாவும் இப்ப இல்லை.

போத்துக்கீசர் 1619 இல யாழ்ப்பாண அரசைப் பிடிச்சவை, நாங்கள் இண்டைக்கும் பாண் எண்டுறம், மேசை எண்டுறம், அலுமாரி, யன்னல் எண்டுறம், எல்லாம் அவையின்ர சொல்லு. அதே ஆக்களாலயும் அவை கொண்டுவந்த ஆபிரிக்கச் சனத்தாலயும் வந்ததுதான் கலியாண வீடுகளில எல்லாரும் எழும்பி ஆடுற பைலா. ஆடுறதுக்கு அவையின்ர பாசையில இருக்கிற சொல்லுத்தான் பைலா எண்டு வந்தது. பைலாவை ஒரு நாளும் நான் தாளமாக் கேட்டதில்லை, சத்தமாத்தான் கேட்டனான். தகிட தகிட எண்டு ஓடுற அந்த ஆறு எண்ணிக்கையை சில இடத்தில ரெண்டு ரெண்டு ரெண்டாவும் வேற ஒரு இடத்தில மூண்டு மூண்டாவும் உடம்பு தானாப் பிரிச்சு எடுக்கும். அதை வாசிக்கிற பெடியள் நொட்டேசன் ஒண்டும் பாக்காமலே செய்யினம்.

இந்த இடத்தில ஒரு விசயம் சொல்லாமல் விட்டா நான் எழுதிறதில நேர்மை இல்லை. பத்துப் பன்ரெண்டு வருசத்துக்கு முதல் என்னட்ட ஒரு பெடியன் படிச்சவன், நல்ல காது, ஒருக்காச் சொன்னாப் பிடிப்பான். ஒரு நாள் ஜமைக்காவின்ர ரெகேப் பாட்டு ஒண்டை வயலின்ல வாசிச்சுக் காட்டினான். நான் மற்றப் பிள்ளையளுக்கு முன்னால "இதையெல்லாம் சங்கீதம் எண்டு கொண்டு இஞ்ச வராதையும்" எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த கிழமை அவன் வரேல்ல. அதுக்கு அடுத்த கிழமையும் வரேல்ல. பேந்து ஒரு நாள் திருநெல்வேலிச் சந்தையில தாயைக் கண்டன், "அவன் இப்ப அதைத் தொடுறதே இல்லை ரீச்சர்" எண்டா. அந்த வசனம் இண்டைக்கும் என்ர நெஞ்சில கிடக்கு. பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்கள் இதை வாசிச்சா, பிள்ளை கொண்டு வாற பாட்டை முழுசாக் கேட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதையுங்கோ, அது மட்டும் செய்தாலே போதும்.

அப்ப ரெகேயில நான் கேக்காமல் விட்டது என்ன? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் தேவைப்பட்டுது. போன் ஸ்பீக்கர்ல ரெகே கேக்கவே கூடாது, ஏனெண்டா போன்ல பேஸ் எண்ட அடித்தொனி விழாது, ரெகேயில பாட்டைத் தூக்கிக்கொண்டு போறதே பேஸ்தான், அதை எடுத்திட்டா மிச்சம் கிடக்கிறது வெறும் சிக்கு சிக்கு எண்ட கிற்றார். மச்சானின்ர வீட்டுப் பெரிய செற்றில போட்ட அண்டைக்குத்தான் உள்ளுக்கு ஒரு ஆள் நடந்து போறமாதிரிக் கேட்டுது. நாலு எண்ணிக்கையில முதல் அடியை வெறுமையா விட்டு மூண்டாவதில ட்ரம்ஸ் விழும், கிற்றார் இடையில இடையில வெட்டும். நாங்கள் சமத்தில, அதாவது தாளச் சுத்தின்ர முதல் அடியில, வந்து சேருறதுக்காகவே முழு ஆவர்த்தனமும் காத்திருக்கிற ஆக்கள், அவை சமத்தைக் காலியா வைச்சு அதில சாய்ஞ்சு நிக்கினம். ஜமைக்காவில ஸ்கா, றொக்ஸ்ரெடி எண்டு வந்து வேகம் குறைஞ்சு குறைஞ்சு 1960களின்ர கடைசியில ரெகே ஆச்சுது. அங்க தெருவில பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி வைச்சுப் பாட்டுப் போடுறது ஒரு கலை. கிங்ஸ்ரன்ல பிறந்த ஒரு பெடியன் குடும்பத்தோட நியூயோர்க் போய், டிஜே கூல் ஹேர்க் எண்ட பேரில 1973 ஓகஸ்ட் 11 பிறொங்ஸில தங்கச்சியின்ர பார்ட்டிக்கு ரெண்டு இசைத்தட்டைப் போட்டு ட்ரம்ஸ் மட்டும் வாற துண்டைத் திருப்பித் திருப்பி ஓட விட்டதில இருந்துதான் ஹிப் ஹொப் எண்டு சொல்லுறவை. ஹிப் ஹொப்பில ராகம் தேடினா ஒண்டும் கிடைக்காது. சொல்லுத் தாளத்தில எங்க விழுது, எதுகை எங்க திரும்பி வருது எண்டு கேளுங்கோ, திருப்புகழ் சொல்லிப் பழகின வாய்க்கு அது உடன பிடிபடும்.

ஒரு பொறியும் இருக்கு, நானே விழுந்தனான். கீபோட்டில கறுப்புக் கட்டை அஞ்சை மட்டும் அமத்திப் பாருங்கோ. மூண்டு சேந்து இருக்கிறதில முதலாவதைச் ச எண்டு வைச்சா மோகன ராகம் வரும். ரெண்டு சேந்து இருக்கிறதில ரெண்டாவதைச் ச எண்டு வைச்சா அதே கட்டையளில சுத்த தன்யாசி. சீனத்துப் பாட்டுக் கேட்டன், மோகனம். ஸ்கொட்லாந்துப் பாட்டுக் கேட்டன், அதுவும் மோகனம். எத்தியோப்பியாவில திசிதா எண்டு ஒரு வகை இருக்கு, திசிதா எண்டா ஞாபகம், ஏக்கம், அதின்ர ஒரு சுரவரிசையும் மோகனம்தான். அமெரிக்கக் கறுப்பினச் சனத்தின்ர புளூஸ் கேட்டா சுத்த தன்யாசி. "அட, எல்லாம் எங்களிட்ட இருக்கிறதுதானே" எண்டு சொல்லிக்கொண்டு ஒரு மாசம் திரிஞ்சன். அந்த மாசம் முழுக்க நான் ஒண்டையும் கேக்கேல்ல, பேர் மட்டும் வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.

புளூஸில காந்தாரம், ச ரி க எண்டதில வாற க, சாதாரணத்திலயும் நிக்காது அந்தரத்திலயும் நிக்காது, நடுவில நிண்டு நோகும். முதல் வரியைப் பாடுவினம், அதையே திருப்பிப் பாடுவினம், மூண்டாவது வரியில பதில் வரும். பன்ரெண்டு பார், அதாவது பன்ரெண்டு தாளச் சுத்து, ஒரு வரிக்கு நாலு நாலு, வரி பாடி முடிஞ்ச மிச்ச இடத்தில கிற்றார் பாடுறவருக்கு மறுமொழி சொல்லும். செத்த வீட்டில ஒப்பாரி சொல்லுற அம்மம்மாக்களின்ர குரலைக் கேட்ட ஆக்களுக்கு அந்தக் காந்தாரம் விளங்கும், சுத்த தன்யாசி கீர்த்தனை தெரிஞ்ச எனக்குத்தான் விளங்கக் கனநாள் எடுத்தது. சுரம் ஒண்டாய் இருக்கிறது வாசல்படி மாதிரி, உள்ளுக்குப் போய்ப் பாக்கோணும்.

மாலி நாட்டுப் பாலைவனத்தில தினாரிவென் எண்டு ஒரு குழு இருக்கு, துவாரெக் இனத்துச் சனம். அதைத் தொடங்கின இப்றாகிம் எண்டவர் சின்ன வயசில தகப்பனைக் கொல்லுறதைக் கண்டவர், அகதியா அலைஞ்சவர். அவர் செய்த முதல் கிற்றார் ஒரு தகர ரின், ஒரு தடி, சைக்கிள் பிறேக் வயர். இதை வாசிச்ச இரவு நான் நித்திரை கொள்ளேல்ல. எங்கட சைக்கிளில டைனமோ, அவற்ற சைக்கிளில பிறேக் வயர். அந்த இசையில பெரிய ஏற்ற இறக்கம் ஒண்டும் இல்லை, ஒரே சுரத்தில கிற்றார் சுத்திக்கொண்டு நிக்கும், கைதட்டு, பொம்பிளையளின்ர குரல் பின்னால. முதல்ல அலுப்படிச்சுது. ஒரு நாள் சாவகச்சேரியில இருந்து பஸ்ஸில வரேக்க காதில போட்டுக்கொண்டு வெளிய பாத்துக்கொண்டு வந்தன், வெயில், பனை, வெட்டை, பனை, அப்ப அது சரியா வந்து பொருந்திச்சுது. நீண்ட தூரம் போற சனத்தின்ர இசை, இருந்துகொண்டு குறிப்பெடுக்கிற இசையில்லை. அண்டையில இருந்து, ஒரு இசை பிடிபடாட்டி "இதை அங்கத்தைச் சனம் என்ன செய்துகொண்டு கேக்கினம்" எண்டு முதல்ல பாக்கிறன். ஆடுற இசையெண்டா எழும்பி நிண்டு கேக்கிறன். கதவைச் சாத்திப்போட்டு ஆடியும் பாத்திருக்கிறன்.

இந்தோனேசியாவின்ர கமெலான் எண்ட வெண்கல வாத்தியக் குழுவின்ர இசை எனக்கு எல்லாத்திலயும் கஸ்டமா இருந்தது. வயலின்காரிக்குச் சுருதிதான் உயிர். பாலித் தீவின்ர கமெலானைப் போட்ட உடன காது கூசிச்சுது, வெண்கலத் தட்டுகள் ஒண்டுக்கொண்டு சேராமல் நடுங்கிற மாதிரி. நாலஞ்சு தரம் நிப்பாட்டினன். பேந்து அறிஞ்சன், அவை வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்யினம். வாத்தியங்களைச் சோடி சோடியாச் செய்து, ஒண்டை மற்றதை விடக் கொஞ்சம் கூட்டிச் சுருதி வைக்கிறவை, ரெண்டையும் சேத்து அடிக்கேக்க சத்தம் அலை மாதிரி துடிக்கும். அதுக்குப் பேரே அலைதான், ஓம்பாக் எண்டு சொல்லுவினம். அந்தத் துடிப்பு இல்லாட்டி அவைக்கு அது செத்த சத்தம். இன்னொண்டு, ஒரு கமெலான் செற் அதுக்குள்ளதான் சுருதி சேரும், பக்கத்து ஊர்ச் செற்றோட சேராது, ஒரு வாத்தியத்தை இரவல் எடுத்துக்கொண்டு போய் மற்றதில வைக்க ஏலாது. 1889 இல பாரிஸ் கண்காட்சியில ஜாவா கமெலானைக் கேட்டுத்தான் டெபுஸி எண்ட பிரெஞ்சு இசைக்காரர் அசந்து போனவர். நான் எங்கட தம்புராவை வைச்சுத்தான் உள்ள போனன். தம்புராவில ஜீவாவை வைச்சு அந்த நூலால ஒரு ரீங்காரத்தை நாங்களும் வேணுமெண்டுதானே எடுக்கிறம். அப்ப நடுக்கத்தைப் பிழையாக் கேக்காமல் அதைத்தான் கேக்கோணும் எண்டு காதுக்குச் சொல்லிக் குடுத்தன். இப்ப கமெலான் கேட்டா மழைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு.

தம்புரா இன்னொரு கதவையும் திறந்துது. மந்தர சட்ஜக் கம்பியை மட்டும் மீட்டிக் கொஞ்சம் பொறுத்துக் கேட்டா மேல அந்தர காந்தாரம் தானா எழும்பி வரும், சுயம்பு காந்தாரம் எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுறது. அந்தக் காந்தாரத்தை யாரும் மீட்டுறேல்ல, ஒரு சத்தத்துக்குள்ள மற்றச் சத்தங்கள் ஏற்கெனவே இருக்கு. மொங்கோலியாவுக்குப் பக்கத்தில தூவா எண்ட இடத்துக்காரர் இதைத் தொண்டையால செய்யினம். கீழ ஒரு சுரத்தை உறுமிக்கொண்டே வாயையும் நாக்கையும் மாத்தி மேல விசில் மாதிரி இன்னொரு சுரம் எடுப்பினம், ஒரே ஆள். பிள்ளையளுக்கு முதல்ல தம்புராக் காந்தாரத்தைக் கேக்கப் பண்ணிப்போட்டு இதைப் போட்டுக் காட்டினன், ஒருத்தரும் சிரிக்கேல்ல. முதல்லயே போட்டிருந்தா சிரிச்சிருப்பினம்.

அரபு இசை எங்கட ஆக்களுக்குச் சுகமாப் பிடிபடும். எகிப்தின்ர உம் குல்தும் ஒவ்வொரு மாசமும் முதல் வியாழன் இரவு றேடியோவில பாடுவா எண்டா அரபு நாடெல்லாம் தெரு வெறிச்சோடுமாம், ஒரு பாட்டு ஒரு மணித்தியாலம் போகும், சனம் கேக்கக் கேக்க ஒரே வரியை வேற வேற மாதிரித் திருப்பிப் பாடுவா, நிரவல் கேட்டுப் பழகின காதுக்கு வேற விளக்கம் தேவையில்லை. ஜாஸும் அப்பிடித்தான், முதல்ல மெட்டு, பேந்து ஒவ்வொருத்தரா அதை வைச்சுக் கற்பனை, கடைசியில திரும்ப மெட்டு. தனி ஆவர்த்தனம் கேக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வழி தெரியும். ஜோன் கோல்ற்றேன் எண்ட சாக்ஸபோன் மேதை இந்திய இசையில மனம் போய், மகனுக்கு ரவிசங்கரின்ர பேரை வைச்சவர்.

மேற்கத்தைய சேர்ந்திசைதான் கடைசியா வந்தது. சங்கராபரணம்தான் அவையின்ர மேஜர் ஸ்கேல், முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டு நொட்டுஸ்வரம் செய்தவர், இதெல்லாம் சோதினைக்கு எழுதின விசயம். ஆனா நாலு குரல் சேந்து பாடேக்க என்ர காது எப்பவும் மேல போற மெட்டையே பிடிச்சுக்கொண்டு போகும், மிச்சம் எல்லாம் பின்னால நிக்கிற சத்தம். நத்தார் நேரம் ஒரு சேர்ச்சில கரோல் கேக்கப் போனன், வேணுமெண்டே கீழ்க்குரல் பாடுற ஆக்களுக்குப் பக்கத்து வாங்கில இருந்தன். அரை மணித்தியாலம் அவையை மட்டும் கேட்டன். அப்பத்தான் விளங்கிச்சுது, மெட்டு அதே இடத்தில நிக்கேக்கயே கீழ்க்குரல் ஒரு படி இறங்கினா மேல நிக்கிற சுரத்தின்ர நிறமே மாறுது. வீட்டில யூரியூப்பில கேக்கிற ஆக்களும் இதைச் செய்யலாம், ஒரு பாட்டை நாலு தரம் போட்டு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு குரலோட போறது.

எப்பிடிக் கேக்கிறது எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, ஒரு கிழமைக்கு ஒரே ஒரு பாட்டு. பத்து நாட்டுப் பாட்டை ஒரு இரவில தட்டிப் பாத்தா ஒண்டும் நிக்காது, ஒரு பாட்டை இருவது தரம் கேளுங்கோ, சமைக்கேக்க, கூட்டேக்க, பஸ்ஸில. முதல் மூண்டு நாளும் அதைப் பற்றி ஒண்டும் வாசிக்காதையுங்கோ. நாலாவது நாள் வாசியுங்கோ, அப்பத்தான் வாசிக்கிறது காதில போய் ஒட்டும். நான் ஒரு சிஆர் கொப்பியில எழுதிறனான், எங்க தட்ட வருது, எது எரிச்சலா இருக்கு. எரிச்சல் எண்டு எழுதின இடம்தான் கனதரம் அந்த இசையின்ர உயிர் இருக்கிற இடமா வந்து முடிஞ்சிருக்கு. பேர்களிலயும் கவனம் வேணும். உலக இசை எண்டு கடையளில ஒரு தட்டு வைச்சிருக்கினமே, அது 1987 இல லண்டனில சில இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் கூடி விக்கிறதுக்காக முடிவெடுத்த பேர், இசையைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது. ஃபெலா குட்டி நைஜீரியாவில செய்த ஆஃப்றோபீற் வேற, இப்பத்தைப் பெடியள் ஆடுற ஆஃப்றோபீற்ஸ் வேற, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், தேடேக்க மாறிப்போகும்.

இப்பிடி ஒரு வருசம் போச்சுது. ஆடி மாதம் அதே ஏ.எல் பெடியன் திரும்பவும் போனைக் கொண்டு வந்தான். ஒரு அம்மன் கோயில் வேள்வியில தானே றெக்கோட் பண்ணினதாம். பறைமேளம். "இது எத்தினை ரீச்சர்" எண்டான். நான் எண்ணினன். தக திமி தகிட எண்டு பாத்தன், வேற விதமாவும் பாத்தன், ஒண்டிலயும் நிக்கேல்ல. பல்கேரியாவுக்கும் மாலிக்கும் பாலிக்கும் போன காது, என்ர வீட்டில இருந்து ரெண்டு கிலோமீற்றரில நாப்பது வருசமா அடிச்சுக்கொண்டு இருக்கிற ஒரு மேளத்தை ஒரு நாளும் இசையாக் கேட்டதில்லை. செத்த வீட்டுச் சத்தம் எண்டு காதைச் சாத்தி வைச்சிருந்தன். எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கினவை, ஏன் எண்டது இஞ்ச எல்லாருக்கும் தெரியும், சாதிதான். சங்கீத சோதினைப் புத்தகத்தில நான் அதைப் படிக்கவும் இல்லை, கேக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு அந்த மேளம் அடிச்ச ஐயாவைத் தேடிப் போனன். எங்கட பறைமேளம் தமிழ்நாட்டில இருக்கிற தட்டையான பறை மாதிரி இல்லை, ரெண்டு பக்கமும் தோல் வைச்சுக் கழுத்தில மாட்டுறது. ஐயா எங்களைக் கண்ட உடன உள்ளுக்க போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டிட்டு, தான் நிண்டார். நான் கதிரையில இருக்கேல்ல, திண்ணையில இருந்தன், "ஐயா நீங்களும் இருங்கோ, நான் கேட்டுப் படிக்க வந்தனான்" எண்டன். கனநேரம் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து திண்ணையின்ர மற்றப் பக்கத்தில இருந்து, "எதைப் பிள்ளை கேக்கப் போறியள், சாவுக்கு அடிக்கிறது வேற, சாமிக்கு அடிக்கிறது வேற" எண்டார். ரெண்டும் எண்டு சொன்னன்.

மேளத்தை எடுத்துக்கொண்டு வந்து தோலில உள்ளங்கையை வைச்சுப் பாத்தார். "ராத்திரி மழை, ஈரம் பிடிச்சுப் போச்சு. வெயில்ல கொஞ்சம் கிடக்கோணும், இப்ப அடிச்சா உங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும்" எண்டு சொல்லி முத்தத்தில வெயில் விழுற பக்கமா வைச்சார். உள்ள இருந்து அம்மா ஒருத்தர் தேத்தண்ணி கொண்டு வந்தா. மேளத்தைப் பாத்துக்கொண்டு மூண்டு பேரும் திண்ணையில இருந்தம். பத்து மணி வெயில் அப்பத்தான் முத்தத்துக்கு வந்துகொண்டிருந்துது.